விசாவில் இருப்பவர் ஊர்க்கூட்டத்துக்குப் போகலாமா?

தம்பி, பாஸ்டனுக்கு மேற்கே குடியேறி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் 'டவுன் மீட்டிங்' அறிவிப்பு வந்திருப்பதாகச் சொல்லி, இந்த ஊருக்கு மேயரே கிடையாதா, எச்-1பி விசாவில் இருப்பவர்கள் அங்கே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேயர் கிடையாது; ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம்தான் இந்த 'டவுன் மீட்டிங்'. கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவு செய்யும்வரை ஓட்டு இல்லை. நான் முதன்முறை போனபோது, ஒரு தீயணைப்பு வண்டி வாங்குவதைப் பற்றி ஊரே கூடி நள்ளிரவுவரை வாதிட்டதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். அந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

1630-இல் ஜான் வின்திராப் தலைமையில் 11 கப்பல்களில் இங்கே, மாசசூசெட்ஸில், வந்திறங்கிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய கிறிஸ்தவர்கள்), முந்தைய ஆண்டு அரசர் முதலாம் சார்லஸ் ஒரு வணிகக் கம்பெனிக்கு வழங்கியிருந்த சாசனத்தை லண்டனில் விட்டுவிடாமல் கையோடு எடுத்து வந்துவிட்டார்கள். அதனால் கம்பெனிப் பங்குதாரர்கள் கூடும் 'ஜெனரல் கோர்ட்' என்ற அவையே குடியேற்றத்தின் ஆட்சிமன்றமாக மாறியது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்றைக்கும் அதுதான்.

திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று 1631-இல் முடிவு செய்தார்கள். மறு ஆண்டே, தங்களைக் கேட்காமல் கோட்டைச் செலவுக்கு வரி விதிப்பதா என்று வாட்டர்டவுன் என்ற ஊர்க்காரர்கள் முரண்டு பிடிக்க, 1634 முதல் ஒவ்வோர் ஊரும் தன் பிரதிநிதிகளை அவைக்கு அனுப்பத் தொடங்கியது. போதகர்களின் ஆட்சி என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் போதகர்கள் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்பதும், திருமணத்தைக்கூட போதகர் அல்லாமல் நீதிபதியே நடத்தி வைத்தார் என்பதும் பலருக்கும் வியப்பாக இருக்கும்.

இதற்காக அவர்களைத் தாராள மனத்தினர் என்று எண்ணிவிட வேண்டாம். மனச்சாட்சியில் அரசு தலையிடக் கூடாது என்ற ராஜர் வில்லியம்ஸையும், வீட்டில் சமயக் கூட்டம் நடத்திய ஆன் ஹட்சின்சனையும் நாடுகடத்தினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையரை 1660-இல் தூக்கிலிட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று 1646-இல் எழுவர் மனுக் கொடுத்தபோதும் கிடைத்தது அபராதமே. அந்த எழுவரில் ஒருவர் டேவிட் யேல். அவருடைய மகன், பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல்தான் பிற்காலத்தில் நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக அமர்ந்தவர். சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய், வாக்குரிமைக்குச் சொத்து அளவுகோலாக வந்தது 1691-ஆம் ஆண்டுச் சாசனத்தில்தான்.

உங்கள் கேள்விக்கான விடை, இவ்வளவு இறுக்கமான அந்த ஆட்சி 1641-இல் இயற்றிய உரிமைத் தொகுப்பின் 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: உள்ளூர்க்காரரோ வெளிநாட்டவரோ, வாக்குரிமை உள்ளவரோ இல்லாதவரோ, எந்த மனிதரும் ஊர்க்கூட்டத்துக்கு வந்து, முறைப்படியும் தக்க நேரத்திலும் பேச்சாலோ எழுத்தாலோ கேள்வி எழுப்பலாம். ஓட்டைத் தர மனம் வராதவர்கள் வாயைக் கட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இப்போதைய நடைமுறையில் வாக்காளர் அல்லாதவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்குவார்கள். அங்கேயே உட்காருங்கள், தவறிப்போய்க் கையைத் தூக்கிவிடாதீர்கள். பேச விரும்பினால் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தீர்மானங்கள் அடங்கிய 'வாரண்ட்' என்னும் பட்டியலை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டு, பள்ளி பட்ஜெட் எந்த இரவு வருகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.