சதுரங்கப் பலகையின் நெல்மணிக் கணக்கு பகா எண்ணா?

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையில், 64 கட்டங்களிலும் சேர்ந்து வரும் மொத்தம் ஒரு பகா எண்ணா? என் கைபேசியிலுள்ள கால்குலேட்டர் அந்த எண்ணை முழுதாகக் காட்ட மறுக்கிறது. ஒன்றைக் கழித்தாலும் திரையில் எதுவும் மாறுவதில்லை. (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: பகா எண் அன்று. நீங்கள் கேட்கும் எண் 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவானது. முழுதாக எழுதினால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கங்கள். பல கால்குலேட்டர்கள் முதல் சில இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தோராயமாக விட்டுவிடுவதால்தான், நீங்கள் கழித்த ஒன்று அவற்றின் கண்ணில் படவில்லை.

கடைசி இலக்கத்தை அறியக் கருவியே தேவையில்லை. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற வரிசையில் மாறி மாறி முடிகின்றன. 64 என்பது நான்கால் மீதியின்றி வகுபடுவதால் 64-ஆம் அடுக்கு 6-இல் முடியும், ஒன்று குறைத்தால் 5. ஆகவே நம் எண் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது என்பதால் அது மூன்றாலும் வகுபடும், ஆனால் ஒன்பதால் வகுபடாது.

மற்றக் காரணிகளைப் பெறப் பள்ளியில் படித்த ஒரு சூத்திரமே போதும்: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அது அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கியதற்குச் சமம். 64-ஐ 32, 16, 8, 4, 2 என்று பாதி பாதியாக்கி இதையே திரும்பத் திரும்பச் செய்தால், நம் எண் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கமாக உடைகிறது. இவை 2-இன் 1, 2, 4, 8, 16, 32-ஆம் அடுக்குகளோடு ஒன்று கூட்டியவை; ஃபெர்மா எண்கள் என்று பெயர். இப்படி அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் அப்படியே இருக்க, ஆறாவது 641-ஆல் வகுபடுகிறது என்று 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

அதை நீங்களே ஒரு தாளில் சரிபார்க்கலாம். 640 என்பது 5-ஐ 2-இன் 7-ஆம் அடுக்கால் பெருக்கியது. 641-ஆல் வகுக்கும்போது அதை மீதி −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அதாவது 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. ஆனால் 625 என்பது 641-க்குப் பதினாறு குறைவு, எனவே அதன் இடத்தில் −16, அதாவது 2-இன் 4-ஆம் அடுக்கின் எதிரெண்ணை வைக்கலாம். 4-உம் 28-உம் சேர்ந்து 32 ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1 என்றாகிறது. ஒன்று கூட்டினால் மீதியே இல்லை. நானூறு கோடிக்கு மேற்பட்ட ஓர் எண்ணை வகுக்காமலே வகுத்துவிட்ட இந்த வழி எனக்கு இன்றும் சலிக்கவில்லை. மற்றொரு காரணியான 6700417 பகா எண். ஆக, நெல்மணி எண்ணுக்கு வெவ்வேறான ஏழு பகாக் காரணிகள். அதன் வகுத்திகள் மொத்தம் 128.

இன்னொன்று: பலகையில் 61 கட்டங்கள் மட்டுமே இருந்திருந்தால் உங்கள் ஐயம் மெய்யாகியிருக்கும். அந்த மொத்தம், 2305843009213693951, பகா எண்தான் என்று ரஷ்யாவின் பெர்வூஷின் 1883-இல் நிறுவினார்.