எம்ஆர்ஐ இயந்திரத்தை மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, போரைக் கடந்து வந்தவர்களின் மூளையை ஆராய்கிறோம். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்ஆர்ஐ இயந்திரத்தை 3 டெஸ்லாவாக மாற்றுவதற்கு எதிலிருந்து திட்டமிட வேண்டும்?

பதில்: அந்த மேசையில் படுக்கப்போகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். 2009இல் முடிந்த போரின் எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்து வாழ்வோர் வன்னியில் பலர். தழும்பு மறைந்துபோன சிறு உருக்குத் துண்டு உள்ளே இருப்பதை அவர்களே அறியாதிருக்கலாம். கண், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றுக்கு அருகில் அது இருந்தால், காந்தத்தின் இழுப்பில் சற்றே நகர்ந்தாலும் பெருங்கேடு விளையும். 1.5 டெஸ்லாவிலும் இந்த ஆபத்து உண்டு. 3 டெஸ்லாவில் இழுப்பும் கூடும், உலோகத்தைச் சுற்றிப் படம் சிதைவதும் கூடும். எலும்பு முறிவுக்கு வைத்த தகடுகளிலும் சில 1.5 டெஸ்லாவுக்கு மட்டுமே ஏற்றவையென உறுதிசெய்யப்பட்டவை. ஆகவே வினாக்கொத்தோடு நின்றுவிடாமல், ஐயம் எழும் எவருக்கும் முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்து, கதிரியக்க மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாட்டுக்கும் நிதி ஒதுக்குங்கள். யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்களையே வாசலில் திருப்பி அனுப்பும் இயந்திரம் அந்த ஆய்வுக்கு உதவாது.

கேள்வி (வவுனியா): எங்கள் ஆய்வு சிறுநீரக நோய் பற்றியது. 3 டெஸ்லா கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சமிக்ஞை கூடும் என்பது உண்மையே. ஆனால் படமெடுக்க உடலுக்குள் செலுத்தும் வானொலி அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹேட்ஸிலிருந்து 128 ஆக உயர்வதால், உடலுக்குள் அதன் அலைநீளம் 26 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறுகி, வயிற்றின் அகலத்தை நெருங்கிவிடுகிறது. படத்தில் இருண்ட திட்டுகள் விழுகின்றன. இரு வழியாக அலை செலுத்தும் அமைப்பு இதைத் தணிக்குமே தவிர முற்றாக நீக்காது. சமிக்ஞையைப் பெறும் நல்ல கம்பிச்சுருள்களுடன் கூடிய 1.5 டெஸ்லாவே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

கேள்வி (முல்லைத்தீவு): மின்தடை நேர்ந்தால் காந்தம் என்னவாகும்?

பதில்: காந்தத்தின் மீகடத்தியில் (மிகக் குளிர்ந்த நிலையில் எதிர்ப்பேயின்றி மின்னைக் கடத்தும் கம்பியில்) ஓடும் மின்னோட்டம் நிற்காது, ஆனால் அதைக் குளிர்விக்கும் கொம்பிரசர் நின்றுவிடும். மைனஸ் 269 பாகையில் உள்ள திரவ ஹீலியம் மெல்ல ஆவியாகத் தொடங்கும். எனவே மின்பிறப்பாக்கி முதலில் தாங்க வேண்டியது கொம்பிரசரையும் நீர்க்குளிரூட்டியையும்தான். ஏறத்தாழ 7 லீற்றர் ஹீலியத்தை மட்டும் அடைத்து வைத்த புதுவகைக் காந்தங்களும் உண்டு. ஹீலியம் நிரப்பும் கவலை அவற்றில் இல்லையெனினும், நீண்ட மின்தடையை அவை அவ்வளவு தாங்கா. பழைய வகையை வைத்திருப்போர், ஹீலியம் வெளியேறும் குழாயின் கூரைமேல் வாயை மாரிக்கு முன் ஏறிப் பாருங்கள்: மழைநீரோ குருவிக்கூடோ அதை அடைத்திருக்கும் வேளையில் காந்தம் மீகடத்துநிலையை இழந்தால், ஒரு லீற்றர் திரவம் சுமார் 700 லீற்றர் வாயுவாக அறைக்குள் பாய்ந்து, மூச்சுக்கான ஒட்சிசனை விலக்கிவிடும்.

கேள்வி (மன்னார்): ஆய்வு பாதியில் இருக்கும்போது மாற்றலாமா?

பதில்: முடித்துவிட்டு மாற்றுவதே சிறந்தது. முடியாவிட்டால், ஒரே தொண்டர்களையும் ஒரே சோதனைப் பொருளையும் பழையதிலும் புதியதிலும் படமெடுத்து வேறுபாட்டை அளந்துகொள்ளுங்கள். இல்லையேல் இயந்திரம் மாறியதால் வந்த வேறுபாட்டை நோய் முற்றியதாகக் கணித்துவிட நேரும். இரண்டையும் அருகருகே வைக்க இடமில்லையென்றால், பழையதைக் கழற்றும் திகதியை, அதில் எடுக்க வேண்டிய படங்கள் அனைத்தும் எடுத்து முடிந்த பின்னரே வருமாறு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.