வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் சீன ஓவியர் வூ குவான்ஜோங்கின் ஓவியங்களைப் பார்த்தேன். கால்வாய் ஓரத்து ஊர்களை மையால் வரைந்த படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். ஆறு மாதமாக சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் நானும் சீன மை ஓவியம் பழகுகிறேன். சீனாவில் கால்வாய்கள் ஓடும் ஜோசுவாங் ஊரின் இரட்டைப் பாலத்துப் புகைப்படத்தை வைத்து வரைந்தால் வீடுகள் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல வருகின்றன. ஓடுகளை வரிசையாக வரைந்து முடிப்பதற்குள் மை ஊறிக் கூரை முழுவதும் ஒரே கறுப்பாகிவிடுகிறது. உடன் பழகும் பெரியவர் ஒருவர், "ஷான்ஷுயி ஓவியம் என்றால் மலையும் நீரும்தானம்மா, தெருவையும் வீட்டையும் வரைய அது ஏற்பட்டதல்ல" என்கிறார். அவர் சொல்வது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வூவின் படங்களில் பாதிக்குமேல் வெறும் காகிதம். வேலையை மிச்சம் பிடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்டது தவறென்றால் மன்னியுங்கள். எந்தத் தூரிகை வாங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ம.தி., சிங்கப்பூர்

அன்புள்ள ம.தி.,

தவறில்லை. அந்த வெள்ளையைப் பற்றி நீங்கள் கேட்டதால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

வேலை நிமித்தம் சீனாவின் சூஜோ நகரில் எட்டு மாதங்கள் இருந்தேன். அந்த நகரத்தின் வரைபடத்தை 1229-லேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். தெருவும் கால்வாயும் அதில் இணை இணையாக ஓடுகின்றன. வீட்டின் வாசல் தெருவைப் பார்க்கும், கொல்லைப்புறம் தண்ணீரைப் பார்க்கும். படகில் போகிறவருக்குத் தெரிவதெல்லாம் வீட்டின் முதுகுதான். சுண்ணாம்பு பூசிய நெடிய சுவர், உயரத்தில் ஒரு சின்ன சன்னல், கீழே ஒரு கதவு, கதவிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் நாலைந்து கற்படிகள். நம் ஊர்ப் படித்துறையேதான், ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கியது. சுவரில் வேறு எதுவும் இருக்காது. மேலே கறுத்த ஓட்டின் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரியும்.

ஜூன் மாதத்தில் அங்கே நாள்கணக்கில் தூறல் விழும். பிளம் பழுக்கும் காலத்து மழை என்பதால் அதற்குப் பிளம் மழை என்று பெயர். அந்த நாட்களில் வானம், சுவர், தண்ணீர் மூன்றும் ஒரே வெண்மையாகிவிடும். எங்கே சுவர் முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குப் பிடிமானமாக இருப்பவை கூரைக் கோடும், கதவின் கறுப்புப் பொந்தும், கட்டிவைத்த படகும்தான். அதைப் பார்த்த பிறகு வூவின் படங்களை வேலையை மிச்சம் பிடித்தவர் வரைந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. காகிதத்தை அவர் சும்மா விடவில்லை. அந்தக் காகிதம்தான் சுவர், அதுவே தண்ணீர். கறுப்புக் கோடு எங்கே விழுகிறது என்பதை வைத்து நம் கண் அதைச் சுவராகவோ நீராகவோ எடுத்துக்கொள்கிறது. கோடு விரல் கடை தள்ளி விழுந்தாலும் சுவர் சரிந்துவிடும். அந்த வெள்ளையில்தான் அவருடைய உழைப்பு முழுவதும் இருக்கிறது.

உங்கள் வகுப்புப் பெரியவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் பேச்சுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. சீன மரபில் வீடு, பாலம், படகு வரைவது தனித் துறை. அளவுகோல் வைத்துக் கோடு இழுப்பதால் அதற்கு 'ஜியேஹுவா' என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் ஜாங் செதுவான் வரைந்த ஆற்றங்கரைச் சுருள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். வளைந்த மரப்பாலத்தின்கீழ் பாய்மரத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு படகு தத்தளிப்பதைப் பார்த்தால் நமக்கே கை பதறும். சூஜோக்காரரான சூ யாங், சியென்லோங் பேரரசருக்காக 1759-ல் தன் சொந்த ஊரையே 12 மீட்டருக்கு மேல் நீளும் சுருளாக வரைந்தார். கடைப் பலகைகளின் எழுத்துகளைக்கூட அதில் படிக்கலாம். ஆனால் மலையையும் மூடுபனியையும் வரைந்த படித்த வர்க்கம் இந்த வேலையைக் கைவினைஞர் வேலை என்று ஒரு படி கீழே வைத்தது. அந்தத் தரப்பிரிவினையின் எதிரொலிதான் உங்கள் வகுப்பறையில் கேட்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர், லி செங் என்ற பெரிய ஓவியரைக் கடிந்துகொண்டார். மலைமேலிருக்கும் மண்டபங்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல, இறவாரத்தின் அடிப்பக்கம் தெரிய லி செங் வரைந்திருந்தார். ஷென் குவோவுக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்தில் வைக்கும் செயற்கைக் குன்றைப் பார்ப்பதுபோலப் பெரியதைச் சிறியதாக்கிப் பார்க்க வேண்டும், ஓரிடத்தில் நின்று பார்த்தால் முற்றமும் பின்சந்தும் எப்படித் தெரியும் என்று கேட்டார். மலை ஓவியத்தைப் பற்றி அவர் சொன்ன அந்த வாதம் கால்வாய் ஊருக்குத்தான் மிகவும் பொருந்துகிறது என்பேன். புகைப்படக் கருவிக்கு ஒரே இடம், ஒரே கண். உங்கள் வீடுகள் தீப்பெட்டிகளாவதற்குக் காரணம் அதுதான். புகைப்படம் கண்ட அந்த ஒரே கோணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் மையைப் பூசுகிறீர்கள். ஊரைக் கொஞ்சம் மேலிருந்தும் கொஞ்சம் நடந்துகொண்டும் பார்த்தால் கூரைகள் ஒன்றன் பின் ஒன்றாக அலைபோல எழும். அப்போது மலைத்தொடரை வரையும் அதே கைவழக்கம் கூரைகளுக்கும் உதவும். பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வூ குவான்ஜோங் அந்த மண்ணில் பிறந்தவர். ஊர் யீஷிங், பிறந்தது 1919-ல். ஹாங்ஜோவில் படித்தார், 1947 முதல் 1950 வரை பாரிஸில் இருந்தார், பிறகு நாடு திரும்பினார். கலாசாரப் புரட்சியின்போது தன்னுடைய ஓவியங்களையே தன் கையால் அழிக்க நேர்ந்தது. கிராமத்தில் வயல்வேலைக்கு அனுப்பப்பட்டபோது சாணிக்கூடையை ஓவியத் தாங்கியாக வைத்து வரைந்தார். எண்ணெய் வண்ண ஓவியரான அவர் மையைத் தீவிரமாகக் கையிலெடுத்தது 1970களின் நடுவில்தான், ஐம்பதைத் தாண்டிய வயதில். நிங்போ நகரில் கண்ட வீடுகளிலிருந்து 1981-ல் 'இரு தகைவிலான்கள்' என்ற படம் பிறந்தது. அது இப்போது ஹாங்காங் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீண்ட வெள்ளைச் சுவர், கறுப்பு வாசல்கள், இரண்டு சின்னஞ்சிறு பறவைகள். பாரிஸில் பழகிய கண் வீட்டைச் சதுரங்களாகப் பார்த்தது. ஆனால் அந்தச் சதுரங்கள் ஏற்கெனவே அந்த ஊரில் இருந்தவை. தூரிகைத் திறமையைப் படத்திலிருந்து தனியே பிரித்தெடுத்தால் அதன் மதிப்பு பூச்சியம் என்று பிற்காலத்தில் எழுதிப் பெரும் சண்டையை அவர் வரவழைத்துக்கொண்டார். மரபாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்தச் சண்டையில் நான் வூவின் பக்கம்.

இரட்டைப் பாலத்தை விட்டுவிடுங்கள். ஓவியர் சென் யீஃபெய் 1984-ல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த அந்தப் பாலத்தின் படத்தை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் வாங்கிச் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்குக்குப் பரிசளித்தார். ஜோசுவாங் உலகப் புகழ் பெற்றது அதன் பிறகுதான். இப்போது அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் அதே பாலம் படமாகத் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து நம் கண் மரத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வீட்டின் முதுகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு படித்துறை.

ஓடுகளை ஒருபோதும் எண்ணி வரையாதீர்கள். மையைக் கெட்டியாக அரைத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, படுக்கவைத்து ஒரே இழுப்பில் கூரையை இழுங்கள். இழுப்பின் நடுவே காகிதம் எட்டிப்பார்க்கும் இடங்களே ஓடாகத் தெரியும். நீங்கள் பயன்படுத்துவது பதப்படுத்தாத ஷுவான் காகிதம் என்று நினைக்கிறேன். அது மையை உடனே குடித்துவிடும். படிகாரமும் வஜ்ஜிரப் பசையும் பூசிப் பதப்படுத்திய காகிதத்தில் மை ஊறாது, அளவுகோல் வைத்து வரைந்தவர்களுக்கு அதுவே தோது. ஆனால் அதற்கு மாறிவிடாதீர்கள். மழையில் ஊறிய சுவரின் சாம்பல் கறையும் படிக்கட்டில் ஏறும் பாசியும் அந்தக் குடிக்கும் காகிதத்தில் தானாக வரும். நிழலையும் தண்ணீரில் தெரியும் பிம்பத்தையும் பழைய மரபினர் பெரும்பாலும் வரைந்ததில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் கதவுக்குக் கீழே, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில், நீர்த்த மையால் ஒரு தீற்றல் போதும்.

தூரிகை இரண்டு வாங்குங்கள். ஆட்டு ரோமத்தில் பெரிதாக ஒன்று, கீரியைப் போன்ற வீசல் என்ற விலங்கின் ரோமத்தில் மெலிதாக ஒன்று. கூரைக்கும் ஈரத்துக்கும் முன்னது, சன்னலுக்கும் படகின் விளிம்புக்கும் பின்னது. ஹூஜோ வட்டாரத்துத் தூரிகை கிடைத்தால் நல்லது. அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஷான்லியென் என்ற ஊரும் இதே கால்வாய்ப் பகுதியில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கியதன் நுனி பசையால் இறுகியிருக்கும். வெந்நீரில் போடாமல் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விரலால் மெல்லப் பிரியுங்கள். வேலை முடிந்ததும் மை போகக் கழுவி, நுனி கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள்.