புதுசா கோல்ஃப் ஆடறவங்களுக்கு எந்த கிளப் (பந்தை அடிக்கற மட்டை)?

கேள்வி: கோல்ஃப் இப்பதான் கத்துக்கறேன். பெரிய பிளேயர்ஸ் வச்சிருக்கற மாதிரி மெலிசான பிளேடு அயர்ன் (உலோகத் தலை வச்ச கிளப்ல ஒரு வகை) வாங்கலாமா? 14 கிளப்பும் வேணுமா?

பதில்: பிளேடு இப்போதைக்கு வேணவே வேணாங்க. அது பந்தை நட்ட நடுவுல அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு, கொஞ்சம் ஓரத்துல பட்டாலே கை சுரீர்னு அதிரும், தூரமும் குறைஞ்சிடும். நீங்க கேவிட்டி பேக் அயர்ன் எடுங்க, பின்பக்கம் குழிவா இருக்கும், எடையை ஓரங்களுக்கு தள்ளியிருப்பாங்க, அதனால அடி கொஞ்சம் தப்பினாலும் கிளப்போட முகம், அதாவது பந்துல படற பக்கம், அவ்வளவா திரும்பாது, பந்து ஓரளவு நேராவே போகும். 14ங்கறது ரூல்படி அதிகபட்சம், அத்தனையும் வேணும்னு இல்ல. தூரமா அடிக்க டிரைவர், ஒரு ஹைப்ரிட், 6லேர்ந்து 9 நம்பர் வரைக்கும் அயர்ன், கிட்டத்துலேர்ந்து பந்தை உயரமா தூக்கிப் போட பிட்சிங் வெட்ஜ், மணல் குழியிலேர்ந்து எடுக்க சாண்ட் வெட்ஜ், பந்தை குழிக்கு உருட்டிவிட புட்டர், ஆரம்பத்துக்கு இதுவே தாராளம். 3, 4 நம்பர் அயர்னை தயவுசெஞ்சு தொடாதீங்க, பந்து மேல எழும்பாம மனசு விட்டுப்போகும், அந்த வேலையை ஹைப்ரிட் சுலபமா செஞ்சிடும்.

டிரைவர்ல லாஃப்ட், அதாவது முகத்தோட சாய்வு, 10.5 டிகிரிக்கு கீழ வேணாம், 12 கிடைச்சா இன்னும் நல்லது. எல்லாரும் கோட்டை விடறது ஷாஃப்ட்லதான் (கிளப்போட தண்டு), கிளப்பை வீசற வேகம் கம்மியா இருக்கும்போது ஸ்டிஃப், அதாவது விறைப்பான தண்டு எடுத்தா பந்து தாழ்வா போகும், வலது கைக்காரங்களுக்கு வலப்பக்கமா ஓடும். அதைவிட நல்லா வளையற ரெகுலர், இன்னும் அதிகமா வளையற சீனியர், இந்த ரெண்டு ஃப்ளெக்ஸையும் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணை வாங்குங்க.