ஒரே வெடியில சாகடிக்கிற ஸ்னைப்பர கேம்ல எப்படி பேலன்ஸ் பண்றது?

தூரத்துல இருந்து குறிபாத்து சுடுற இந்த துவக்கோட டமேஜ, அதாவது ஒரு வெடி பட்டா குறையுற உசிரோட அளவ, குறைச்சா எல்லாம் சரியாயிரும்னு கேட்டவரு நினைக்கிறாரு. நான் இலங்கையில ஹட்டன் பக்கம், பொடியன்களோட சேந்து கவுண்டர் ஸ்ட்ரைக், வலோரண்ட், பப்ஜி எல்லாம் விளையாடுறவன், அதுல ஸ்னைப்பர்கிட்ட வாங்கிக்கட்டிக்கிற பக்கம்தான் பெரும்பாலும் நம்ம, இருந்தாலும் டமேஜ்ல கை வைக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். ரெண்டு வெடி வேணும்னு ஆயிட்டா அப்புறம் அந்த துவக்கு எதுக்கு, ஏகே மாதிரி சாதா ரைபிள எடுத்துட்டு போயிரலாமே. குறி தப்பினா வலிக்கணும், அவ்வளவுதான் மேட்டர்.

இத கவுண்டர் ஸ்ட்ரைக்காரங்க மாதிரி யாரும் செய்யல. அதுல வர்ற ஸ்னைப்பர் ஏடபிள்யூபி, கேம் காசுல 4750 டொலர், ஏகே 2700. வாங்கிட்டு செத்தீங்கன்னா எதிராளி தூக்கிட்டு போயிருவான், நீங்க காசில்லாம அடுத்த ரவுண்டு பிஸ்டலோட நிக்கணும், ரைபிள்ல ஒருத்தன கொன்னா 300 கிடைக்கும், இதுல கொன்னா வெறும் 100. 2015-ல ஸ்கோப் போட்டுக்கிட்டு நகர்ற வேகத்த குறைச்சாங்க, ஏன்னா அதுவரைக்கும் மூலையில இருந்து சடார்னு வெளிய வந்து அடிச்சுட்டு உள்ள போயிருவானுங்க, ரைபிள்காரன் என்ன பண்ணுவான் பாவம். 2022 நவம்பர்ல ஒரு மெகஸின்ல இருக்க தோட்டாவ 10-ல இருந்து 5 ஆக்குனாங்க. இவ்வளவு வெட்டு வெட்டியும் நெஞ்சுல பட்டா சாவுங்கறத மட்டும் தொடவே இல்ல பாருங்க.

வலோரண்ட்லயும் இதே கததான். அங்க ஸ்னைப்பர் பேரு ஒபரேட்டர், அது உடம்புல பட்டா டமேஜ் 150, முழு ஷீல்டு (கவசம்) போட்டவன் உசிரும் சரியா 150, கால்ல பட்டா 120 மட்டும்தான் அதனால தப்பிச்சிரலாம். 2020-ல அந்த துவக்கு தொல்ல தாங்காம விலைய 4500-ல இருந்து 5000 ஆக்குனாங்க, டமேஜ தொடல.

பப்ஜில ஏடபிள்யூஎம்ங்கிற ஸ்னைப்பர் பெரும்பாலும் ஏர்டிராப்ல, அதாவது விமானத்துல இருந்து போடுற பெட்டியிலதான் வர்றது எனக்கு அவ்வளவா பிடிக்காது. லெவல் 3 ஹெல்மட்டையும் ஒரே வெடியில உடைக்கிற சாமான் லக்குல கிடைக்குது, அடிபடுறவனுக்கு அதுல என்ன ஆறுதல்? ஆனா அங்க தோட்டா பறந்துபோக நேரம் எடுக்கும், தூரம் போகப்போக கீழ இறங்கும், அது நியாயமான விஷயம். டீம் ஃபோர்ட்ரஸ் 2-ல ஸ்னைப்பர் குறிவைக்கிற எடத்துல கலர் புள்ளி ஒண்ணு தெரியும், சுவத்துல அது ஊர்ந்து வர்றத பாத்தே ஒதுங்கிரலாம்.

துவக்க விட்டுட்டு மேப்ப பாருங்க முதல்ல. தேயிலத் தோட்டத்துல மேல் ரோட்டுல நிக்கிற கங்காணிக்கு கீழ இருக்க மல முழுக்க தெரியிற மாதிரி ஒரு எடம் வச்சுட்டா, எந்த விலை போட்டும் பிரயோஜனம் இல்ல. கவுண்டர் ஸ்ட்ரைக்கோட டஸ்ட் 2 மேப்ல, டி அணி ரவுண்டு தொடங்குற எடத்துல இருந்தே நடுவுல இருக்க கதவுக்கு வெடி வைக்கிற பழக்கம் எத்தன வருஷம் இருந்துச்சு, 2021-ல அந்த பார்வைய மறைச்சாங்க, ரவுண்டு தொடங்கினதும் சாகுற கொடும போச்சு.

எங்களுக்கு இன்னொரு தலவலி பிங், அதாவது நம்ம சிக்னல் சர்வருக்குப் போய் வர்ற நேரம். சர்வர் சிங்கப்பூர்ல இல்லன்னா மும்பைல இருக்கு, அந்தியில மழையும் மூடுபனியும் எறங்கினா சிக்னல் குதிக்கும். சுட்டவன் ஸ்கிரீன்ல நீங்க எங்க இருந்தீங்களோ அத வச்சுத்தான் சர்வர் கணக்கு பாக்கும், அதனால நம்ம சுவத்துக்குப் பின்னால வந்து நிம்மதியா மூச்சு விட்டப்புறம் செத்துப்போவோம். ரைபிள்ல இப்படி ஒரு தோட்டா பட்டா கொஞ்சம் உசிரு குறையும், ஸ்னைப்பர்ல ரவுண்டே முடிஞ்சுது. பிங் எகிறிப்போனவன் சுடுற வெடிக்கு சர்வர் எவ்வளவு பின்னால போய் கணக்கு பாக்கலாம்ங்கறதுக்கு இறுக்கமா ஒரு எல்லை வைக்கணும், அது எனக்கே பாதகமா வந்தாலும் பரவாயில்ல. அப்புறம் மொபைல்ல ஸ்கோப் போட்ட உடனே எய்ம் அசிஸ்ட்ட ஆஃப் பண்ணிரணும், துவக்கே போய் ஆள்மேல ஒட்டிக்கிச்சுன்னா குறி தப்புறதுக்கு எங்க வழி.