‘செட்டில்’ செய்த கடன் ஏன் இன்னும் துரத்துகிறது?

கேள்வி: வீட்டிலேயே இரண்டு தையல் இயந்திரம் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறோம். ஊரடங்கில் வேலை நின்றுபோய், கிரெடிட் கார்டு பாக்கி 48,000 ரூபாயைக் கட்ட முடியவில்லை. 2021இல் வங்கியின் சார்பில் பேசியவர், 22,000 கட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்றார், கட்டினோம். இப்போது ஓவர்லாக் இயந்திரம் வாங்க 60,000 ரூபாய் கடன் கேட்டால், சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகத் திருப்புகிறோமா என்பதற்கான மதிப்பெண்) 590 என்று திருப்பி அனுப்புகிறார்கள். 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் 750க்கு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? — வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 8,000 ரூபாயை இயந்திரத்துக்கு முன்பணமாக எடுத்து வையுங்கள். உண்மையிலேயே தவறிப்போன தவணையை உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் அறிக்கையிலிருந்து அழிக்க எந்த முகவராலும் முடியாது. தவறாக ஏறிய பதிவைத் திருத்தலாம். அதை நீங்களே செலவில்லாமல் செய்துகொள்ளலாம்.

‘முடிந்துவிடும்’ என்று அன்று சொன்னதில் பாதிதான் உண்மை. மீதி 26,000 ரூபாய் வங்கிக்கு நட்டம். அதனால் உங்கள் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று இராது, ‘செட்டில்டு’ என்றுதான் இருக்கும். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அந்தச் சொல் ‘முழுதாகக் கட்டாதவர்’ என்றே படும். வசூலுக்குப் பேசுபவர்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

முதலில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 000 என்றால் நாள் தவறவில்லை. 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம்.

பிறகு வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம்: ‘நீங்கள் விட்டுக்கொடுத்த 26,000 ரூபாயைக் கட்டினால் கணக்கை குளோஸ்டு என்று மாற்றித் தருவீர்களா?’ ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே பணம். கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். அப்போதும் பழைய தாமதக் கட்டங்கள் சில காலம் நிற்கும். ஆனால் ‘செட்டில்டு’ என்ற கறை போகும்.

இயந்திரத்துக்கு? வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனே நல்லது. அங்கே ஸ்கோரைவிடத் தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு. ஒழுங்காகத் திருப்பினால் அதுவும் உங்கள் பெயரில் நல்ல பதிவாக ஏறும். ‘நூற்றுக்கு இரண்டு வட்டிதானே’ என்று தனியார் ஃபைனான்ஸ் பக்கம் போய்விடாதீர்கள். 60,000 ரூபாய்க்கு 12 தவணை என்றால் மாதம் அசல் 5,000, வட்டி 1,200. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி அதே 1,200தான். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

ஸ்கோரை ஏற்ற நான் சொல்வது வைப்புத்தொகைக்கு எதிரான கிரெடிட் கார்டு. 15,000 அல்லது 20,000 ரூபாயை வைப்பில் போட்டால் ஸ்கோர் குறைந்தவர்களுக்கும் பல வங்கிகள் தருகின்றன. மாதம் மளிகைக்கு மட்டும், வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் பயன்படுத்தி, பில்லை முழுவதும் கட்டுங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிட்டிருப்பதைக் கட்டி நிறுத்தினால் மீதிக்கு வட்டி ஏறும். ஓராண்டாவது பொறுக்க வேண்டும். அதுவரை நான்கைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும்.

கேள்வி: நான் வாங்கவே வாங்காத கடன் ஒன்று என் அறிக்கையில் இருக்கிறது. என்ன செய்வது? — வாசகர், மதுரை

பதில்: அந்த அறிக்கையைத் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகாரைப் பதியுங்கள், கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். உங்கள் பான் எண்ணை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி இது. அப்போதும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.