தங்க உருண்டையும் வார்ஃபரினும்

பக்கவாதம் வந்து தேறிவரும் உங்கள் கொரிய மாமியார் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், கூடவே ஊஹ்வாங் சோங்சிம்வோன் என்ற கொரிய நாட்டு மருந்து உருண்டையும் அக்குபங்சரும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்குபங்சரைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கொரியாவில் தேசியக் காப்பீட்டிலேயே வருகிறது, பக்கவாதத்துக்குப் பிறகு நிறையப் பேர் போவதுதான். ரத்தம் நீர்க்க மருந்து எடுப்பதை அக்குபங்சர் ஊசி குத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

உருண்டைதான் சிக்கல். தங்கத்தாள் சுற்றி, கடித்தால் கஸ்தூரி வாடையோடு கசக்குமே, அதில் மாட்டுப் பித்தக்கல், ஜின்செங் என்று ஏகப்பட்ட சரக்கு. ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். நாட்டு மருத்துவர் கஷாயமும் கொடுத்து, அதில் தான்சம் என்ற மூலிகை வேர் இருந்தால் நேர்மாறாக ரத்தக்கசிவு. அதனால் மருந்துச்சீட்டை ஆங்கில மருத்துவர், கொரிய நாட்டு மருத்துவர் இரண்டு பேரிடமும் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள், தொடங்கினால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பாருங்கள்.

அப்புறம் ஒன்று. 1613இல் அச்சான தோங்குய்போகாம் என்ற கொரிய மருத்துவ நூலிலேயே இந்த உருண்டை இருக்கிறது, அதனால் பாட்டிகளுக்கு அதன்மேல் அசையாத நம்பிக்கை. மறுபடி வாய் கோணினால் யாராவது உருண்டையை வாயில் திணிப்பார்கள், விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள்! விழுங்க முடியாதவருக்கு உருண்டை மூச்சுக்குழாயில் போகும். நேராக 119, கொரியாவின் ஆம்புலன்ஸ் எண்ணை, அழையுங்கள்.